எண்ணெய் தேய்த்த பியானோ

வக்கீல் குத்தாலிங்கம் பிள்ளை தமது ஜெர்மன் பியானோவுக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னபோது குற்றாலத்தில் சாரல் வலுத்திருந்தது. அருவிக்கரையில் கனவான்களின் முதுகைத் தேய்த்துப் பிழைக்கும் மாடனுக்கே தயக்கம்.

"இதுக்குமா ஐயா?"

"ஈரக்காத்து மனுசனுக்கு ஆகாதுன்னா மரத்துக்கு மட்டும் ஆகுமாலே? இண்டு இடுக்கு விடாமத் தேய்."

தேய்த்தான். பியானோ பிள்ளைவாளின் வழுக்கையைப் போலவே பளபளத்தது.

அந்த வாரம் அவர் பங்களாவில் சீமைச் சங்கீதப் பரீட்சை. நடத்த வந்தவர் சீசனுக்கு வந்திருந்த ஒரு துரை. பரீட்சைக்கு நின்றவர்கள் இரண்டே பேர்: பிள்ளையின் மகள் விசாலாட்சி, தென்காசி மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்த மாரித்தாய். தேறினால் மாரித்தாய்க்குப் பள்ளியிலேயே பாட்டு டீச்சர் வேலை. தேறாவிட்டால், அண்ணன் மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருக்கும் சுரண்டை ஊர்ப் புகையிலைக் கடைக்காரர். அவருக்கு இவள் மூன்றாம் தாரம்.

பள்ளிப் பியானோவை அவள் எலிகளோடு பங்கு போட்டுக்கொண்டு பழகியவள். அதில் அமுக்கிய கட்டை தானாக எழும்பாது. அடுத்த விரல் நகத்தால் நெம்பிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

"ஓட்டைப் பெட்டில பழகின கை, நம்ம வாத்தியத்தத் தொட்டா நடுங்கும்லா" என்றார் பிள்ளை, அவள் காதுபடவே. நல்ல வாத்தியம் இல்லாமல் நல்ல மாணவி ஏது என்பது அவர் கட்சி. கட்சியில் கோளாறு இல்லை. எண்ணெயில்தான்.

விசாலாட்சி முதலில் உட்கார்ந்தாள். நாலு கட்டையை அமுக்கினாள். நாலும் உள்ளேயே தங்கிவிட்டன.

"எந்திரிக்க மாட்டக்குப்பா!"

மரம் சாரலில் உப்பி, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று துரை தொப்பியை எடுத்தார். புகையிலைக் கடைக்காரர் அடுத்த மாதமே முகூர்த்தம் பார்க்கக் கூடியவர்.

"நான் வாசிக்கேன்" என்று மாரித்தாய் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு விரல் இறங்க, மறு விரல் தூக்கிவிட்டது. பாட்டு எங்கும் தடுக்கவில்லை. சன்னலுக்கு வெளியே இரைந்த சாரலையும் தாண்டி அது ஏறிக்கொண்டே போயிற்று. முடிந்ததும் துரை எழுந்து நின்று கை கொடுத்தார். தேறிவிட்டாள். முதலில் கைதட்டியவள் விசாலாட்சி.

"பாத்தீயளா? எல்லாம் நம்ம பியானோ விசேஷம்!" என்றார் பிள்ளை.

"ஆமாய்யா. அச்சு அசல் எங்க பள்ளிக்கூடத்துப் பியானோ மாதிரியே இருக்கு" என்றாள் மாரித்தாய்.

பங்குனி வெயிலில் மரம் காய்ந்தது. மதராஸிலிருந்து ஆள் வந்து எண்ணெயை வழித்தெடுத்தான். விசாலாட்சிக்குப் பாடம் சொல்ல வந்த மாரித்தாய் டீச்சர் ஒரு கட்டையை அமுக்கினாள். பழக்கத்தில் அடுத்த விரல் தூக்கிவிடப் போனது. அதற்குள் கட்டை தானாக எழுந்து நின்றது.

"ஏட்டி விசாலம், இங்கன பாரு, எந்திரிச்சிட்டு!"

மறுபடி அமுக்கினாள். மறுபடியும் எழுந்தது. நெம்ப வந்த நகம், வேலையற்று, காற்றில் நின்றது.