முகத்துவாரத்துச் சிவப்பு

துறைமுக முகத்துவாரத்தின் அடிச்சேற்றிலிருந்து எடுத்த அந்தப் பாக்டீரியா, ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் மட்டுமே வளர்ந்தது. உப்பு மூன்று சதவீதம், சூடு இருபத்தெட்டு டிகிரி, பக்கத்தில் ஒரு பகை. முதல் இரண்டையும் எந்த ஆய்வுக்கூடத்திலும் ஏற்பாடு செய்துவிடலாம். மூன்றாவது இந்த ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே தாராளமாக இருந்தது.

அண்ணியும் நாத்தனாரும் அங்கே வேலை பார்த்தார்கள். அண்ணி, கடல் சேற்றிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து எது எந்த இனம் என்று வகைப்படுத்துகிறவள். அவள் கணவனின் தங்கையான நாத்தனார், அவற்றுக்குத் தீனியாகும் அகாரைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுகிறவள். பழைய தட்டுகளை ஆட்டோகிளேவ் நீராவியில் வேகவைத்துக் குப்பைக்கு அனுப்புகிறவளும் அவள்தான். பகை அந்த ஆட்டோகிளேவில்தான் பிறந்தது. ஒரு வாரத்தில் எதுவும் முளைக்காத தட்டைக் கழித்துவிட வேண்டும் என்பது கூடத்து வழக்கம். ஆழ்கடல் சரக்கோ சோம்பேறி. கண்ணுக்குத் தெரிய ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். தட்டுகளின் மேல் ‘தொடாதே’ என்று எழுத மறந்துவிட்டு அண்ணி வெளியூர் போன வாரத்தில், அவள் கப்பலேறிப்போய்க் கொண்டுவந்தது அத்தனையும் வெந்துபோனது. “காலியாத்தான் இருந்துச்சு” என்றாள் நாத்தனார். அதோடு முகத்தைப் பார்த்துப் பேசுவது நின்றது. அண்ணி தராசைப் பார்த்து, “சிலருக்குக் கண்ணு முதுகுல இருக்கு” என்பாள். நாத்தனார் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரிடம், “எழுதி வைக்கத் துப்பில்ல, ஆராய்ச்சி ஒரு கேடு” என்பாள். வீட்டில் கணவன் மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி வாங்கினான். இப்படியே வருடங்கள் போயின.

முகத்துவாரத்துச் சேறு வந்தபோது தட்டில் மிளகாய்ச் சிவப்பில் புள்ளிகள் கிளம்பின. நாத்தனார் விடுப்பு எடுத்தால் அவை வெளுத்தன. வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் சிவந்தன. காரணம் வெளிச்சம் என்று அண்ணி முதலில் நினைத்தாள், பிறகு அகார் என்று நினைத்தாள், ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துக் கடைசியில் நாத்தனார் என்று முடிவுக்கு வந்தாள். நாத்தனாருக்கும் இது தெரியும். தெரிந்த பிறகு கதவைக் கொஞ்சம் கூடுதலாகவே அறைந்து சாத்தினாள். மரபணுவைப் படித்ததில், அதற்கு உலகத்தில் பெயரும் இல்லை, கிட்டத்துச் சொந்தமும் இல்லை என்று தெரிந்தது. இப்படி ஒன்று ஒரு ஆயுளில் ஒருமுறை வாய்ப்பதே அபூர்வம். ஆனால் இரண்டு நாடுகளின் நுண்ணுயிர் வங்கிகளில் அது உயிரோடு இருந்தால்தான் வைக்கும் பெயர் செல்லும். முதல் வங்கியில் கஷ்டமே இல்லை. அங்கே இரண்டு மேற்பார்வையாளர்கள் ஒரு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று நெடுங்காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வங்கியில் எல்லோரும் நல்லவர்கள். அனுப்பிய குப்பிகள் செத்தன. வேறு கிளையிலிருந்து ஜென்மப் பகையுள்ள இருவரை வரவழைத்திருப்பதாகவும், கடைசியாக ஒரு குப்பி அனுப்பலாம் என்றும் அங்கிருந்து தகவல் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவன் மாரடைப்பில் விழுந்தான். மருத்துவமனை நாற்காலியில் அண்ணி அசந்து தூங்கியபோது யாரோ போர்வை போர்த்தினார்கள். விழித்தால் நாத்தனார். “நீ சாப்பிட்டியா?” என்று அண்ணி தன்னையறியாமல் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். கணவன் பிழைத்து வீடு திரும்பினான். ஆய்வுக்கூடத்தில் தட்டுகள் எல்லாம் பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தன. உறைபெட்டியில் சேமித்து வைத்திருந்ததும் அப்படியே. வங்கிக்கு அனுப்பத் தகுந்தது ஒன்றுமில்லை.

அண்ணி பழைய அவமானங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தட்டுக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்தாள். வராத கோபத்தை எந்தக் கடையில் வாங்குவது? தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதாள். நாத்தனார் கையுறையைக் கழற்றிவிட்டு, நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணி, அன்னைக்கு உங்க தட்டு காலியா இல்ல. பொடிப் பொடியாப் புள்ளி வந்திருந்துச்சு. பார்த்துட்டுத்தான் உள்ள போட்டேன்.”

“என் கண்ணு முன்னால நிக்காதே, போ!” என்று அண்ணி கத்தினாள். கையிலிருந்த தட்டு அவள் கண்ணெதிரே ஓரத்திலிருந்து நடுவரை சிவந்தது. நாத்தனார் போய் அகார் காய்ச்ச ஆரம்பித்தாள்.

குப்பி போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொண்டது. பெயரும் ஏறிவிட்டது. வளர்ப்பு முறையில் உப்பு, சூடு, பகை மூன்றும் அச்சில் இருக்கின்றன, யாரும் ஆட்சேபிக்கவில்லை. நாத்தனார் சொன்னது உண்மையா, தட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா என்று அண்ணிக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெந்துபோன தட்டில் புள்ளி இருந்ததா என்று இனி யாராலும் பார்க்க முடியாது. கேட்டுவிடலாம் என்று சில நாள் நாத்தனாரின் மேசைவரை போவாள். போகப்போகக் கையிலுள்ள தட்டின் ஓரம் வெளுக்கும். உடனே திரும்பி வந்து தராசிடம், “சிலருக்குக் கண்ணு முதுகுல இருக்கு” என்பாள். அந்தப் பக்கம் குழாய் திறக்கும். தட்டு சிவக்கும்.