மூடித் திறந்து பாருங்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கணினியில் எழுதுவதற்கு எல்லோரும் பயன்படுத்தியது ஒரே எடிட்டர்தான். ஆனால் அதன் மூல நிரலான சோர்ஸை இறக்கி, தன் இஷ்டத்துக்கு நாலு இடத்தில் வெட்டி ஒட்டி, ஓடக்கூடியதாகத் தானே கம்பைல் செய்து, சர்வரில் தன் கணக்குக்குள் வைத்துக்கொண்டால்தான் அங்கே மரியாதை. ஆயத்தமாகக் கிடைப்பதை அப்படியே பயன்படுத்துகிறவனைச் சமைக்கத் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்போம். சர்வரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு எடிட்டர் இருந்தது. அதைத் தொட்டவர் ஒரே ஒருவர், மியோஷி-சான்.

மியோஷி-சான் மாணவி அல்ல, உதவியாளர். வயது ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒப்பந்தம் புதுப்பித்தால் அடுத்த மார்ச் வரை வேலை உண்டு. கனாசாவா நகரைச் சுற்றியுள்ள கிராமங்களின் பழைய நில வரைபடங்களில் இருக்கும் வயல் பெயர்களைக் கணினியில் ஏற்றுவதுதான் அவர் வேலை. ஒன்பது வருடமாக அதைச் செய்துவந்தார்.

ஜப்பானிய மொழியைத் தட்ட எடிட்டரோடு ஒரு பேக்கேஜும் வேண்டும். ஒலியைத் தட்டினால் அது எழுத்தைக் கொடுக்கும். தெரியாத சொல்லாக இருந்தால் நம்மையே கேட்கும். ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால், நம் கணக்கில் இருக்கும் சொந்த அகராதிக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். என் அகராதியில் இருந்தவை நண்பர்கள் பெயரும் ராமென் கடைப் பெயரும். மியோஷி-சானின் அகராதியில் இருந்தவை வயல்கள்.

வரைபடத்தில் வயலின் பெயர் எழுத்தில் இருக்கும், ஆனால் ஜப்பானிய எழுத்து ஒன்றையே பல விதமாக வாசிக்கலாம். அதை எப்படி வாசிப்பது என்பது அந்த வயலை உழுதவனுக்குத்தான் தெரியும். அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மியோஷி-சான் கிராமத்துக்குப் போன் போட்டு, ரிசீவரைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ஐயா, இந்த வயலை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்பார். அவர்கள் சொல்லச் சொல்லத் தட்டுவார். எங்கள் பேராசிரியர் தாகிகாவா சென்செய் கேட்டது எழுத்துகளை மட்டும்தான், உச்சரிப்பை யாரும் கேட்கவில்லை. ஆகவே ஒன்பது வருடத்து உச்சரிப்புகள் அந்த அகராதிக் கோப்பு ஒன்றில் மட்டும் இருந்தன. இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் கவனமாக இருந்திருப்பேனா? இருந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு. சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பிப்ரவரியில் ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தாயிற்று, மார்ச்சில் பொறுப்பை ஜூனியரிடம் ஒப்படைக்க வேண்டும். போகிற போக்கில் எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டுப் போனால் பேர் நிற்கும் என்று ஓர் ஆசை. எடிட்டரின் புதிய பதிப்பு அப்போதுதான் வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஈரப்பனி ஜன்னலில் அறைந்துகொண்டிருக்க, சோர்ஸை இறக்கிக் கம்பைல் போட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது. எச்சரிக்கை வரிகள் சரம் சரமாக வந்தன. யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? அடுத்து பேக்கேஜ். அதனோடு வந்த விளக்கக் குறிப்பைத் திறந்தேன். எங்கள் ஆட்கள் விளக்கக் குறிப்பைப் படிக்கும் விதமே தனி. தட்ட வேண்டிய நாலு கட்டளை எங்கே இருக்கிறதோ அதுவரை கண் ஓடும், அதற்குக் கீழே போகாது.

புதிதாக நிறுவினால் முதலில் சொந்தக் கணக்குக்குள் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், பிறகுதான் பொது இடத்தில் வைக்க வேண்டும். இது ஆய்வகத்து விதி. பொது எடிட்டரை யார் பயன்படுத்துகிறார்கள், மியோஷி-சான் ஒருத்தர்தானே என்று நேராகப் பொது இடத்திலேயே வைத்துவிட்டேன். டிஸ்கில் இடமில்லாததால் பழையதை அழித்தேன். பொறுப்பேற்புக் குறிப்பேட்டில் தேதி, பதிப்பு எண் எல்லாம் எழுதி, கடைசியில் "பிரச்சினை எதுவும் இல்லை" என்றும் எழுதினேன். அப்போது இன்னும் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

பதினோரு மணிக்கு மியோஷி-சான் என் மேஜைக்கு வந்தார்.

"சுகிதா-சான், தொந்தரவுக்கு மன்னிக்கணும். காலைலேர்ந்து இது எந்த வயலையும் தெரியாதுங்குது. ஒரு தடவை மூடிட்டு வேற வேலை பாத்துட்டு வந்தேன். அப்பவும் அப்படியே இருக்கு."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புதுசு போட்டிருக்கேன், அதான். இன்னொரு தடவை மூடித் திறந்து பாருங்க."

"மூடித் திறக்கணுமா? சரிங்க."

அவர் போய் மூடித் திறந்தார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகும் சரியாகவில்லை என்று வந்து நின்றார். அப்போதுதான் எரிச்சலோடு விளக்கக் குறிப்பின் மீதியைப் படித்தேன். அங்கே ஐந்து வரி இருந்தது. பழைய அகராதியைப் புதிய பதிப்பால் வாசிக்க முடியாது. முதல்முறை திறக்கும் முன் கூடவே வரும் சின்ன நிரலை ஓட்டி மாற்றிக்கொள்ளவும். மாற்றாமல் திறந்தால், மூடும்போது காலி அகராதியே எழுதப்படும். பழையது ஒரு நகலாக இருக்கும், அதிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் முறை மூடினால் அந்த நகலின் மேலும் காலி எழுதப்படும், ஜாக்கிரதை.

அந்த ஐந்து வரியையும் மூன்று தடவை படித்தேன். அவர் முதல்முறை மூடியபோது எல்லாம் நகலில் பத்திரமாக இருந்திருக்கிறது. பதினோரு மணிக்கு என்னிடம் வந்தபோதும் இருந்திருக்கிறது. நான் தலையைத் திருப்பி ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். இரண்டாம் முறை மூடச் சொன்னது நான்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் மியோஷி-சான்.

"பாக்கறேன்," என்றேன். "கொஞ்சம் டைம் வேணும்."

என்னோடு படித்த நிகாய்தோவைக் கூப்பிட்டு வாரா வாரம் காப்பு நகல் எடுக்கும் டேப்பில் தேடச் சொன்னேன். அவன் அரை மணி நேரம் தேடிவிட்டுச் சிரித்தான். "நமக்கு முன்னாடி இருந்த புண்ணியவான் எழுதின ஸ்கிரிப்ட்டு. 'எல்லா ஃபைலையும் எடு'ன்னு எழுதியிருக்கார். பேரு புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல் அந்த 'எல்லா'வுக்குள்ள வராது. அகராதி புள்ளியிலதானே ஆரம்பிக்குது? நாலு வருஷமா ஒரு அகராதிகூட டேப்புல இல்ல."

அதைக் கேட்டு எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. இன்னொருவன் தப்பும் இதில் இருக்கிறதே என்று. என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்ட மட்டமான விஷயங்களில் அது ஒன்று.

"ஆமா, பொதுவுல நீதானே புதுசு வெச்ச? குறிப்பைப் படிச்சியா?" என்று கேட்டான்.

"படிச்சேன்," என்றேன். பொய் இல்லை. அப்போது படித்து முடித்திருந்தேன்.

மியோஷி-சானிடம் போய், அகராதிக் கோப்பு காலியாகிவிட்டது, மீட்க முடியவில்லை என்று சொன்னேன். எப்படிக் காலியானது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் எதையோ அழுத்தியிருக்கேன். கொஞ்ச நாளா கண்ணும் சரியில்ல, விரலும் சொன்ன இடத்துக்குப் போக மாட்டேங்குது. உங்க வேலையெல்லாம் கெடுத்துட்டேன் சுகிதா-சான்."

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "எப்பவாவது இப்படி ஆகறதுதான்," என்றேன்.

அன்று சாயங்காலம் என் கணக்கிலும் புதிய பதிப்பைப் போட்டேன். இந்த முறை அந்தச் சின்ன நிரலை முதலில் ஓட்டினேன். என் அகராதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராமென் கடைகள் எல்லாம் பத்திரம்.

மறுநாள் காலை மியோஷி-சான் ஒரு பலகாரப் பெட்டியோடு வந்தார். பயற்றுப் பூரணத்தைச் சதுரமாக வெட்டி மெல்லிய மாவு பூசிச் சுட்டது, எங்கள் ஊரில் வாங்கக்கூடியதிலேயே நல்ல கடையுடையது. ஒவ்வொரு மேஜையாகப் போய், தலை தாழ்த்தி, "என்னால எல்லாருக்கும் தொந்தரவு" என்று சொல்லி வைத்தார். டேப் தேடியதற்காக நிகாய்தோவுக்கு ஒன்று. எனக்கு இரண்டு. "நீங்கதான் ரொம்பச் சிரமப்பட்டீங்க," என்றார். நான் இரண்டையும் தின்றேன். தின்னாமல் வைத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று பயம்.

அதன் பிறகு மூன்று வாரம், சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்றே போயிற்று. காலையில் பல் தேய்க்கும்போது அன்றைக்குச் சொல்வதாக முடிவெடுப்பேன், பேருந்தை விட்டு இறங்கும்போது நாளைக்கு என்று மாற்றிக்கொள்வேன். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலை தாழ்த்தினார். நாள் போகப் போக, செய்த தப்பைவிடச் சொல்லாத தப்பு பெரிதாகிவிட்டது. அது பெரிதானதால் சொல்ல இன்னும் பயமானது. எனக்கு வேலை கிடைத்திருந்தது, ஏப்ரலில் டோக்கியோ போகிறேன். இன்னும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் மனசு கணக்குப் போட்டது.

மார்ச் முதல் வாரக் கூட்டத்தில் தாகிகாவா சென்செய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மியோஷி-சான் இந்த மாசத்தோட நின்னுக்கறாங்களாம். வயசாயிடுச்சு, மிஷினுக்கும் தனக்கும் இனி ஒத்துவராதுங்கறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் பேப்பர் போகுது."

அவர் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்க மாட்டார்கள், வேலையே ரத்தாகிவிடும். போன மனுஷி திரும்பவும் வர முடியாது. அப்போதும் உடனே எழுந்து சொன்னேனா? இல்லை. வியாழன் மத்தியானம் வரை எடுத்துக்கொண்டேன்.

தேநீர் போடும் சின்ன அறையில் அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பொறுப்பேற்புக் குறிப்பேட்டைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். "பிரச்சினை எதுவும் இல்லை" என்ற வரியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வரியை, நகலை, இரண்டாம் முறை மூடச் சொன்னதை.

அவர் குழாயை நிறுத்தினார். ஈரக் கையை விரித்துப் பார்த்தார்.

"அப்போ என் விரல் இல்லையா?"

"இல்லைங்க."

"மூடித் திறக்கச் சொன்னீங்களே, அப்பவே தெரியுமா?"

"அப்ப தெரியாதுங்க. அன்னிக்கு மத்தியானம் தெரிஞ்சுது."

"அன்னிக்கு மத்தியானமேவா?" அவர் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். குரல் உயரவே இல்லை. "மறுநாள் நான் பலகாரம் கொண்டுவந்தேன். நீங்க ரெண்டு சாப்பிட்டீங்க."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்த வார்த்தையைத்தான் மூன்று வாரமாக அவரைச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேனே.

"போன வாரம் முப்பத்தெட்டு வீட்டுக்குப் போன் பண்ணினேன்," என்றார். "எனக்கு வயசாயிடுச்சு, கை தவறி அழிச்சுட்டேன், நீங்க சொன்னதெல்லாம் போயிடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் அழுதேன்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவர் தன் மேஜைக்குப் போய், முனை சுருண்ட தொலைபேசி எண் நோட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "நான் நிக்கலைன்னு சென்செய்கிட்ட நானே சொல்லிக்கறேன். ஏன்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் இந்த முப்பத்தெட்டு பேர்கிட்டயும் சொல்லுங்க. பெயரை அப்புறம் கேக்கலாம். முதல்ல யார் தப்புன்னு சொல்லுங்க."

சென்செயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னிக்கே ஆரம்பிங்க," என்று மட்டும் சொன்னார்.

போனை மியோஷி-சானின் மேஜைக்கு இழுத்து வைத்தேன். அவர் எதிரே கீபோர்டில் கை வைத்து உட்கார்ந்தார். முதல் எண்ணில் ஒரு பெரியவர் எடுத்தார். பல்கலைக்கழகம் என்றதுமே, "மியோஷி-சான் எப்படி இருக்காங்க? வயசானா விரல் தடுமாறத்தான் செய்யும், மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொன்னேனே," என்றார்.

"அவங்க விரல் இல்லைங்க. அழிச்சது நான். என் பேரு சுகிதா. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்படியா," என்றார், வேறு குரலில். வயல் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் திரும்பச் சொல்ல, மியோஷி-சான் தட்டினார். எட்டு வீடு இப்படிப் போயிற்று. ஒருவர் திட்டினார். ஒரு அம்மா போனை வைத்துவிட்டார், மறுபடி கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த முதல் வாக்கியத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. பழகிப்போகும் என்று நினைத்தேன். பழகவில்லை.

ஒன்பதாவது எண்ணில் வயதான பெண் குரல். நான் என் வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன்.

"அவரு ஜனவரியிலயே போயிட்டாருங்க," என்றார் அவர். "அந்த வயல் பேரெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் வேற ஊர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. போன வாரம் மியோஷி-சான் போன்ல அப்படி அழுதாங்க. அன்னிக்குச் சாயங்காலமே ஊதுவத்தி ஏத்தி அவர் படத்துகிட்ட சொல்லிட்டேன். 'நீங்க சொன்னதெல்லாம் அழிஞ்சுபோச்சாம், கோவிச்சுக்காதீங்க, பாவம் அவங்களுக்கும் வயசாயிடுச்சு'ன்னு."

மியோஷி-சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிசீவரில் அந்த வீட்டுக் கடிகாரச் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றேன், "அதை மாத்திச் சொல்ல முடியுங்களா? அவங்க அழிக்கலைன்னு."

"அவர்கிட்டயா?"

"ஆமாங்க."

கொஞ்சம் யோசித்தார். "சொல்லலாம். யாருன்னு சொல்லணும்?"

"சுகிதா."

"எந்த எழுத்துல எழுதறது?"

"தேவதாரு மரத்துக்கு எழுதற எழுத்து. அப்புறம் வயல்."

காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் மெதுவாகக் கேட்டது. "எழுதிக்கிட்டேன்," என்றார். "சுகிதாங்கறவங்கதான் அழிச்சாங்கன்னு இன்னிக்கே சொல்லிடறேன்."

மியோஷி-சான் அந்த வீட்டின் நான்கு வயல்களுக்கு எதிரே ஒன்றும் தட்டவில்லை. நோட்டில் அடுத்த எண்ணை விரலால் காட்டினார்.