கிரேன்காரன் கண்ணை மூடி உட்கார்ந்த கதை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எனக்கு பிரஷர் நூற்று எழுபதைத் தொட்டது. நூற்று நாற்பதுக்குக் கீழே வராவிட்டால் கேபினை விட்டு இறங்கி, கிடங்கில் உட்கார்ந்து கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பதினெட்டு வருடம் நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தவனைத் தரையில் உட்கார வைப்பதா?

டாக்டர் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார். மாத்திரையோடு, தினமும் இருபது நிமிடம் கண்ணை மூடித் தியானத்தில் உட்காரச் சொன்னார். "மூச்ச மட்டும் கவனிங்க" என்றார். மூச்சு அதுபாட்டுக்குப் போய் வருகிறது. அதில் கவனிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

தனியாக விட்டால் ஐந்தாவது நிமிடமே எழுந்துவிடுவேன் என்று என் மனைவிக்குத் தெரியும். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். மூச்சை இழுக்கும்போது மனதில் கன்டெய்னரைத் தூக்கினேன், விடும்போது இறக்கினேன். நாலாவது கன்டெய்னர் காற்றில் ஆடும். கீழே சிக்னல் காட்டுகிறவன் எங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். மனதுக்குள்ளேயே அவனைக் கிழி கிழி என்று கிழிப்பேன். கண்ணைத் திறந்தால் இருபது நிமிடம் முடிந்திருக்கும். சில நாள் தூங்கியும் போனேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"ஏம்மா, நான் தப்பா பண்றேனோ?"

"அதெல்லாம் இல்ல. பேசாம உக்காருங்க."

"உனக்கென்ன, சும்மா உக்காந்திருக்க."

"ஆமா, சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றவள் லேசாகச் சிரித்தாள். அது ஏன் என்றும் புரியவில்லை.

என் குரல் கொஞ்சம் பெரியது. உயரத்திலிருந்து கத்திக் கத்திப் பழகியது. வீட்டில் தண்ணீர் கேட்டாலே தெரு திரும்பிப் பார்க்கும். என்னைக் கோபக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை என்பதுதான் சரி.

மூன்றாவது வாரம், காய் நறுக்கிக்கொண்டே அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். கல்யாணமான புதிதில் கேட்டது. தினமும் நெற்றியில் தேய்க்கிற தைலப் புட்டியையும் காணோம். "இன்னும் பத்து நிமிஷம் கூட்டிக்கலாமே" என்று அவளே கேட்டாள். என் வேலை போய்விடுமே என்ற கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் முடிந்தது. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று ஐம்பத்திரண்டு. மறுபடி பார்த்தார். அதேதான்.

"நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா கேபினுக்கு இது பத்தாது. கீழ வேல பாத்துக்கிட்டே தொடர்ந்து உக்காருங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

எனக்கு முகம் தொங்கிப்போனது.

ஆறு வருடமாக அவரிடமே பிரஷருக்கு மாத்திரை வாங்குகிறவள் என் மனைவி. கூட வந்திருந்த அவளுக்கும் பார்த்தார். நூற்று இருபத்து நாலு. நம்பாமல் பழைய சீட்டையெல்லாம் புரட்டினார்.

"இவ்வளவு குறைஞ்சதே இல்லையேம்மா. நீங்களும் தியானம் பண்றீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க டாக்டர்."

"உப்பக் குறைச்சீங்களா? நடக்கப் போறீங்களா?"

"எல்லாம் எப்பவும் போலத்தான்." கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகினாள். "இவரு தினமும் இருபது நிமிஷம் கத்தாம இருக்காரு. அப்ப நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவ்வளவுதான்."

நான் எப்போது கத்தினேன் என்று கேட்க வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்கு முன்பே அவள் தோள் இறுகுவதைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அது அப்படித்தான் இறுகியதா? கீழே ஆள் ஓரடி நகர்ந்தாலும் மேலிருந்து கண்டுபிடிக்கிறவன் நான், இதைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

கிடங்கு வேலைக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் காதை என் பக்கம் திருப்பினார்.

"என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."