நுவாரைப் பற்றிய அறிக்கை

இங்கிலாந்திலிருந்து வந்த கடிதத்தில் நாலே நாலு நிபந்தனைகள்தான். வீட்டுப் பிராணிகளின் நடத்தைக் கோளாறுகளுக்கு ஆலோசனை சொல்வதற்கான மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். கால்நடை மருத்துவப் பட்டம் இருந்தது, இரண்டு வருட அனுபவம் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. நாலாவதில்தான் மாட்டிக்கொண்டேன். நான் ஆலோசனை சொல்லிக் கோளாறைத் தீர்த்துவைத்த மூன்று பிராணிகளைப் பற்றி அறிக்கை வேண்டுமாம், ஒவ்வொன்றிலும் வளர்த்தவரின் கையெழுத்தோடு. 1984-இல் காரைக்காலில் நாய்க்கு ஆலோசனையா? ஊசி போடத்தான் கூப்பிடுவார்கள். எப்படியோ இரண்டு தேறின. மூன்றாவது, எங்கள் தெரு ஞானமேரி அக்காவின் நுவார்.

அக்காவின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அவர் இறந்தபின் அவருடைய கறுப்பு நாய் நுவார் அக்காவிடம் வந்தது. கூப்பிட்டால் வராது, அதட்டினால் அடங்காது, தபால்காரரைக் கடித்தும்விட்டது. நான் போய்த் தமிழில் 'உட்காரு' என்றேன், ஆங்கிலத்தில் 'சிட்' என்றேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. திமிர் பிடித்த நாய், வீட்டுக்கு லாயக்கில்லை, பக்கத்து ஊரான மண்டபத்தூரில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று பத்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னேன். அக்கா அழுதுகொண்டே கொடுத்துவிட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் அறிக்கை எழுதினேன்.

கையெழுத்துக்குப் போனபோது, "இங்கிலீசு எனக்கு எங்க தெரியும்? படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'கட்டளைக்குப் பணியாத நாய்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"ஐயோ, அண்ணன் சொன்னா அப்புடிக் கேக்குமே! 'அஸ்ஸி'ம்பாரு, உக்காந்துரும். 'வியேன்'ம்பாரு, ஓடியாந்துரும். அது பிரெஞ்சுலதான வளந்துச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் பிரெஞ்சு படித்தவன் நான்! நுவார் என்றால் கறுப்பு என்பதுகூட அன்று உறைக்கவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். வெட்கத்தில் அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"இத ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே தம்பி. படிச்சவங்க, தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு இருந்துட்டேன்."

"சரி, இப்பப் போயிக் கூட்டியாந்துருவோம்க்கா."

"எங்கேருந்து கூட்டியார்றது? சோறு தின்னாமக் கெடந்து எட்டாம் நாளே செத்துப்போச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கையெழுத்து எங்க போடணும்?"

காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மனுஷனாக இருந்திருந்தால் கிழித்திருப்பேன். விரலால் இடத்தைக் காட்டினேன். ஒரு வரிகூட மாற்றாமல் அனுப்பினேன். இடமும் கிடைத்தது.

புறப்படுகிற வாரம், என் பயணம் நல்லபடியாக அமைய வேண்டுமென்று ஞானமேரி அக்கா மாதா கோயிலில் பூசை வைத்தார். காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.