கணக்குக் கொப்பியில் கிட்டங்கி

சவூதியில் தம்மாமுக்குப் போய் வந்த ஆண்கள் தங்கமும் சேலைக்கட்டும் கொண்டு வந்தார்கள். சுபைறாவின் புருஷன் ஜவுபர் டீவியில் விளையாட ஒரு கறுப்புக் கம்பியூட்டர்ப் பெட்டியைக் கொண்டு வந்தான். தட்டச்சு இயந்திரத்தின் தலையை மட்டும் வெட்டி எடுத்தது போல இருந்தது அது. டீவியில் பொருத்திக் கசெட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்திவிட்டு ஒரு குகையைக் காட்டும். குகைக்குள் நகத்தளவு மனிதன் ஒருவன் நிற்பான். எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்று ஒரு சொல் சொல்லித் தராது. சுபைறா அந்தப் பெட்டியைத் தன் சக்களத்தி என்றாள்.

டீவியில் படம் சரியாக விழவில்லை என்று கல்முனை பஜாரில் ரேடியோ திருத்தும் குணத்தை ஜவுபர் கூட்டி வந்தான். பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புக்காரன், கல்யாணமாகாதவன், பொறுமைசாலி. அரை மணி நேர வேலைக்கு வந்தவன் பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் எழும்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தான்.

புத்தியுள்ளவன் இரண்டாவது சாவோடு அந்தப் பெட்டியைக் கட்டி வைத்திருப்பான். அந்த நகத்தளவு மனிதனுக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். முப்பதாவது தடவை செத்தபோது, ஒரு சுவர் உண்மையில் சுவரல்ல என்று குணம் கண்டுபிடித்தான். தள்ளினான், வழி விட்டது. இரண்டு பிள்ளைகளின் தகப்பனான ஜவுபர் கட்டிலில் ஏறிக் குதித்தான். யாரும் காட்டாத வழி, தாங்களே தடவிக் கண்ட வழி. அந்தச் சந்தோசத்துக்கு ஈடாக அவர்களுடைய வாழ்க்கையில் அப்போது வேறெதுவும் இல்லை. எண்பத்தாறாம் ஆண்டு அது. முந்திய வருசத் தமிழ்-முஸ்லிம் குழப்பத்துக்குப் பிறகு, இவன் போகலாம் அவன் போகக்கூடாது என்று ஊரில் போகக்கூடிய இடங்கள் மாதா மாதம் குறைந்துகொண்டு வந்தன. பெட்டிக்குள் மட்டும் கூடிக்கொண்டு வந்தன.

வழி மறந்து போகாமலிருக்கக் குணம் ஒரு கணக்குக் கொப்பி வாங்கினான். ஒரு சதுரத்துக்கு ஓர் அறை. ஒவ்வோர் அறைக்கும் மேலே அறபில் ஒரு பெயர் ஓடும். ஜவுபர் குர்ஆன் ஓதியவன், எழுத்தைக் கூட்டி ராகமாகவே ஓதுவான், பொருள்தான் தெரியாது. தம்மாமில் அவன் படித்த அறபு சீமெந்து மூடைக்கும் சோற்றுக்கும் போதுமாக இருந்தது.

"ஓதினாப் போதுமா மச்சான், என்னண்டு எழுதுற?" என்று குணம் கேட்டான்.

"நாம பேர் வைப்பம். மூணு பாத சேருதே, இது நம்மட தாளவெட்டுவான் சந்தி. இந்தத் தண்ணி கிட்டங்கி ஆறு."

ஜவுபருடைய யோசனைதான் அது. பிறகு அதை நினைத்து நினைத்து அவன் தன்னையே தின்றான்.

குகை முழுக்க ஊர்ப்பெயராகிப் போனது. பெயருக்குக் கீழே குணம் குண்டு குண்டான எழுத்தில் குறிப்பு எழுதினான். 'மாவடிப்பள்ளி: சாவி இதுக்குள்ள.' 'கிட்டங்கி: காவல் ரெண்டு. முதுகு காட்டினதும் பாய். பிந்தினாச் சாவு. இதுவரை 14.' அந்தத் தண்ணீரைக் குணம் மட்டும்தான் தாண்டுவான். ஜவுபர் எப்போதும் பிந்திவிடுவான். அதற்கு அப்பால் ஒரேயொரு அறைதான் மிச்சம் என்று குணம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் குணம், கடையில் வேலையில்லாத நேரத்தில் யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கொப்பியை வாங்கிப் போனான். பிரதான வீதியில் படையினர் மறித்துச் சோதித்தார்கள். சைக்கிள் கரியரில் கொப்பி இருந்தது. காவலும் சாவும் எழுதிய கொப்பியோடு அவனையும் முகாமுக்கு ஏற்றிப் போனார்கள்.

பஜார் முழுக்க அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. குணத்தின் தாய் சிவக்கொழுந்து பகலுக்கே ஜவுபரின் வீட்டுக்கு வந்தாள்.

"உங்கட விளையாட்டாமே மனே அது? நீ வந்து ஒரு சொல் சொன்னா விட்டுருவாங்க."

"பின்னேரம் விட்டுருவாங்கம்மா. ஒண்டும் யோசிக்காதீங்க" என்றான் ஜவுபர்.

பின்னேரம் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் மறுபடி வந்தபோது ஜவுபர் அறைக்குள் இருந்துகொண்டு, இல்லையென்று சொல்லச் சொன்னான். சுபைறா சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"பொய்யும் சொல்ல வெச்சிட்டீங்க. அந்தப் புள்ள உங்கட பேரச் சொல்லியிருந்தா இந்நேரம் நம்மட வாசலுக்கு வந்திருப்பாங்க. சொல்லல்ல."

அது ஜவுபருக்கும் தெரியும். ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் அவன் ஜன்னல் சீலையை நீக்கிப் பார்த்தான். யாரும் வரவில்லை. வராததில் வந்த ஆறுதல்தான் அவனுக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை பெட்டியைச் சாரனில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முகாமுக்குப் போனான். வாசலில் அரை நாள் வெயிலில் நிறுத்தி வைத்திருந்து, பிறகு உள்ளே விட்டார்கள். அதிகாரியின் மேசையில் கொப்பி கிடந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரையோ கொண்டு ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்பு மையில் சிங்களம் எழுதியிருந்தார்கள்.

"கிட்டங்கியில பதினாலு பேர் செத்தது. யாரு?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் அதிகாரி.

"நாங்க சேர். நாங்கதான் செத்த. விளையாட்டு சேர். டீவி ஒண்டு தந்தாக் காட்டுவன்."

சாப்பாட்டு அறையில் டீவி இருந்தது. கசெட் கத்தத் தொடங்கியதும் நாலைந்து சிப்பாய்கள் வந்து பின்னால் நின்றார்கள். குகை வந்தது. ஜவுபர் மனிதனை நடக்க விட்டு, ஒவ்வோர் அறைக்கும் பெயர் சொல்லிக்கொண்டு போனான். அதிகாரி கொப்பியில் விரல் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். சந்தி சரியாக இருந்தது. மாவடிப்பள்ளியில் சாவி இருந்தது. சுவரல்லாத சுவரைத் தள்ளியபோது சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "அங்க இல்ல, அங்க இல்ல, நில்லு" என்று வாய்விட்டுச் சொன்னார். அவரையும் அது பிடித்துவிட்டது. அந்த இடத்திலும் ஜவுபருக்குள் பழைய சந்தோசம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அவர் நம்பிவிட்டார் என்று அவனுக்குத் தெரிந்தது.

கிட்டங்கி வந்தது. இரண்டு காவல்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஜவுபர் பாய்ந்தான், செத்தான். மறுபடி பாய்ந்தான், செத்தான். ஓர் உயிர் மிச்சமிருந்தது.

"எனக்கு இது ஏலாது சேர்" என்றான். "குணம்தான் தாண்டுற. அவனக் கூட்டி வரச் சொல்லுங்க, இப்பவே தாண்டிக் காட்டுவான். அங்கால இன்னும் ஒரு அறதான் இரிக்கி."

பின்னால் சிரிப்பு நின்றது. ஒரு சிப்பாய் மெதுவாக வெளியே போனான். கூட்டி வரப் போகிறான் என்று ஜவுபர் வாசலையே பார்த்தான். அவன் வாசலுக்கு வெளியே நின்று சிகரட் பற்றவைத்தான்.

அதிகாரி கொப்பியை மூடினார். 

"செவ்வாக்கிழம ஏன் வரல்ல நீ? அண்டைக்கு அவன் இருந்தான்." என்று கேட்டார்.

அவர் அதட்டவில்லை.  பெட்டி இங்கேயே இருக்கட்டும், நீ போ என்று அனுப்பிவிட்டார்கள்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு ஜவுபர் வீட்டுக்கு வந்தபோது, சிவக்கொழுந்து முற்றத்தில் சுபைறாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"காட்டினியா மனே?"

"ஓம் அம்மா."

"நம்பினாங்களா?"

"ஓம் அம்மா. நம்பிட்டாங்க."

நாலு நாளுக்குப் பிறகு அந்த முகம் தெளிந்தது. அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

"அப்ப இண்டைக்கு வந்துருவான். பசியோட வருவான் புள்ள, நான் போய் உலை வெக்கிறன்."

அவள் படலையைத் திறந்துகொண்டு போனாள். ஜவுபர் அவளைக் கூப்பிடாமல் அறைக்குள் போனான். செவ்வாய்க்கிழமையும் அவன் இந்த அறைக்குள்தான் இருந்தான்.