நானூற்றுப் பன்னிரண்டு குணாக்கள்

குணா விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த ஒவ்வொரு நாளும், சாயங்காலம் ஆறரை மணிக்கு, அந்த நாளே லுங்கி கட்டிய ஒரு குணாவாகக் கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்து சுவரோரம் குந்திக்கொண்டது. நிஜக் குணாவின் தப்பு, ஏலத்தில் எடுத்த மீன் கூடைக்குத் தன் அடையாளமான பச்சை நூலைக் கட்ட மறந்தது. கூடையை இன்னொருவன் தூக்க, இவன் அவன் கையை முறித்துவிட்டான். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. தினமும் தோளில் கை போட்டவர்களெல்லாம் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தார்களோ! மனைவி ஜோதிலட்சுமி நூல் கட்ட மறக்கும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. வந்த நாளின் மணிக்கட்டில் அன்றைய காலண்டர் தாளைக் கோத்துப் பச்சை நூலால் கட்டிவிட்டாள். இரண்டு வயது மகள் ஷர்மிளா மடி மாற்றி மடி உட்கார்ந்து வளர்ந்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு நாள் போனபின் தீர்ப்பு: இரண்டு வருடம். ஏற்கெனவே உள்ளே இருந்த நாள்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தது. "எழுதலைன்னா முழு ரெண்டு வருஷம்தாம்மா," என்றார் சிறை அலுவலர்.

"இன்னா சார் நாயம் இது? இருந்த நாளையே மறுக்கா இருக்கணுமா? அத்தினியும் என் வூட்ல குந்திகினு கீது, வந்து பாரு!"

அவர் வரவில்லை. ஜோதிலட்சுமி விடுவதாக இல்லை. இலவச சட்ட உதவி வக்கீல் பியூலா மனு போட்டாள். "அக்கா, சட்டம் நம்ம பக்கம்தான். ஆதாரம் மட்டும் கொண்டு வாங்க," என்றாள். அவள் கேட்டது காகிதங்களை. ஜோதிலட்சுமி நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஆறு பஸ்ஸில் ஏற்றி, தாம்பரத்தில் இறக்கி, வேறு ஆறு பஸ்ஸில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்தினாள். டிக்கெட் கேட்ட கண்டக்டர்களிடம், "ஆளு இல்லண்ணா, நாளு," என்றாள்.

ஒரே நாள் இரண்டு தடவை வரிசையில் நின்றிருக்கலாம் என்றார் அரசு வக்கீல். நாள்களைக் கேட்டால் அவை வாய் திறப்பதில்லை. குமாஸ்தா நூலைப் பிடித்துத் தாள் தாளாகப் பார்த்தார். சரிபார்த்த நாள் வெளியே போய் வெயிலில் கரைந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நீதிபதி அந்த வரியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். காலியான வீட்டுக்குத் திரும்பிய ஜோதிலட்சுமி வாய்விட்டு அழுதாள். மறுநாள் விடிந்ததும் மீன் விற்கப் போனாள்.

மீதி முந்நூற்றுப் பதினெட்டு நாளில் யாரும் வரவில்லை. அது முடிந்து குணா வந்தான். நான்கு வயது ஷர்மிளா பழைய பழக்கத்தில் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா செல்லம், அப்பாவைத் தெரிதா?"

ஷர்மிளா துள்ளி எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். "யம்மா, இந்த அப்பா பேசுது!"

"பேசட்டும்டி," என்று ஜோதிலட்சுமி இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.