இரண்டாவது கடிதத்தின் கையெழுத்து

ஸ்டுடியோவில் என் பெயர் கை. வாசல் காவலரின் பதிவேட்டில் ஆலிவ் ஹார்ட் என்று இருக்கும். அதுவும் நானே வைத்துக்கொண்ட பெயர்தான். ஆனால் நான்காம் படப்பிடிப்புத் தளத்தில் யாரைக் கேட்டாலும் “கை எங்க? கையக் கூப்பிடு” என்பார்கள். படத்தில் கதாநாயகி கடிதம் எழுதும்போது, முகத்தைக் காட்டிவிட்டு, அடுத்து தாளையும் பேனாவையும் மட்டும் பெரிதாகக் காட்டுவார்களே, அந்தக் கை என்னுடையது. மூன்று ராணிகளுக்கும் ஒரு கொலைகாரிக்கும் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாயகிகளுக்கு முகம் தேவதை, எழுத்து கோழிக்கிறுக்கல். கடவுள் எல்லாவற்றையும் ஒருத்திக்கே கொடுத்துவிட்டால் என்னைப் போன்றவள் எங்கே போவாள்?

அந்த வருடம் எடுத்தது ஒரு பழைய இங்கிலாந்து நாவல். அகஸ்டா என்ற சீமாட்டி, அன்பில்லாத கணவனை விட்டுவிட்டு, துறைமுக ஊர் ஒன்றில் ரொட்டிக்கடை மாடியில் போய்க் குடியேறுகிறாள். கடைசிவரை திரும்புவதில்லை. நான் அதை மூன்று தடவை படித்திருந்தேன். விலைக்கு வாங்கிய தயாரிப்பாளர் ஃபால்க் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

அகஸ்டா வீட்டை விட்டுப் போகும் கடிதத்தை மூன்றாவது வாரம் எடுத்தோம். தேநீரில் நனைத்துக் காயவைத்த தாள், நாயகியின் மோதிரம், முழங்கைவரை மட்டும் மாட்டிக்கொள்ளும் சரிகைச் சட்டைக்கை. முழங்கைக்கு மேலே என் பழைய ஸ்வெட்டர்தான். இந்த மாதிரி நெருக்கக் காட்சிகளை மட்டுமே எடுக்கும் ஒளிப்பதிவாளர் கஸ் லிண்ட்க்விஸ்ட் தலைக்கு மேலிருந்து சொன்னார்: “இவ ஓடிப்போறவ, கை. அழகா எழுதாத. ஓடு.”

நான் ஓடினேன். வழக்கமாகப் பள்ளிக்கூட உருண்டை எழுத்தைத்தான் படத்துக்கு எழுதுவேன். அதற்குக் காரணம் உண்டு. அன்று என் சொந்தக் கையெழுத்தே வந்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கடிதத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன், ஆறு வருடத்துக்கு முன்னால், ஒஹையோவில், சமையலறை மேசையில், என் கணவன் ஹார்லனுக்கு. ஹார்லன் பல் மருத்துவன். ஊர் முழுக்க அவனைத் தங்கமான மனுஷன் என்று சொல்லும். அந்தத் தங்கம் காலையில் வேலைக்குப் போகும்போது என் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போகும். அவனுடைய மழை பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் நான் ரயில் ஏறினேன்.

விளக்கை அணைத்த பிறகுதான் தாளைப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்து, வால் நீண்டு, அச்சு அசலாக நான். பார்த்தால் பார்க்கட்டும், அவனுக்கு அதே கடிதம் இரண்டாம் தடவை கிடைக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு ஆறு வாரம் தாங்கியது.

பிறகு தணிக்கை அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது. ஃபால்க் அதைக் கையில் ஆட்டிக்கொண்டே தளத்துக்கு வந்தார்.

“புருஷன விட்டுட்டு வந்தவ நிம்மதியா ரொட்டி தின்னுட்டு இருக்கக் கூடாதாம். ஒண்ணு அவ சாகணும், இல்ல திரும்பிப் போகணும்.”

“சாகடிச்சிரலாமே சார்” என்றார் இயக்குநர்.

“வேணாம்யா. இந்த வருஷம் நம்ம படத்துலயே ரெண்டு பேரு காசநோய்ல போயிட்டாங்க. ஜனங்களே இருமுறாங்க.”

நாயகி அதற்குள் வேறு படத்துக்குப் போய்விட்டாள். முகம் இல்லாமல் முடிக்க ஒரே வழிதான் இருந்தது: இன்னொரு கடிதம், ஒரு குதிரை வண்டி, திறக்கும் கதவு. கடிதத்தின் வாசகம் என் கைக்கு வந்தது. ‘நான் செய்தது தவறு. என்னை மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களிடமே திரும்பி வருகிறேன்.’

நாடு முழுக்க, ஊருக்கு ஊர், ஆள் உயரத்துக்கு என் கையெழுத்தில், என்னை வந்து கூட்டிக்கொண்டு போ என்று ஒரு கடிதம்! ஹார்லன் அதைச் சினிமா என்று நினைக்கமாட்டான். மழை பெய்தால்கூடத் தன் தோட்டத்துக்காகத்தான் பெய்கிறது என்று நினைக்கிற ஆள். ஸ்டுடியோ பெயர் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நான்கே நாளில் வாசலில் வந்து நிற்பான், கையில் என் பழைய ஷூவோடு.

முடியாது என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் என் முதல் கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுத வேறொருத்தியைக் கூட்டிவருவார்கள். அந்தக் கடிதத்தின் புகைப்படத்தைப் பிடித்தபடி பெர்னீஸ் என் பக்கத்திலேயே நின்றாள். ஒரு காட்சிக்கும் இன்னொரு காட்சிக்கும் இடையில் பொத்தான் மாறினால்கூடக் கண்டுபிடிப்பது அவள் வேலை.

முதல் தாளில் மை கொட்டியது. இரண்டாவதில் பேனா முள் உடைந்தது. மூன்றாவதில் ‘தவறு’ வரை போய்க் கை நின்றுவிட்டது.

“என்ன கை, கைக்குக் காய்ச்சலா?” என்றார் கஸ்.

ஏழாவது தாளுக்கு ஃபால்க் வந்துவிட்டார். “ஏம்மா, மூணு வரி. மூணு வரிக்கு ஒரு மத்தியானமா? காவியமா எழுதப் போற?”

எட்டாவது தாளை வைத்தார்கள். விளக்குச் சூட்டில் கழுத்தெல்லாம் வியர்வை. அப்போதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. எனக்கு ஒன்பது வயதில் அவள் அப்பாவை விட்டு என்னைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்தாள். பதினோரு நாள் இருந்தோம். பன்னிரண்டாம் நாள் இதே மூன்று வரியை எழுதி, தபால்பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். உறையை ஒட்டியிருக்கவில்லை, வழியில் படித்தேன். அம்மாவின் எழுத்தும் என்னுடையதைப் போல வலப்பக்கம் ஓடுகிற எழுத்துதான். அன்று மட்டும் ஒவ்வொன்றும் விறைப்பாக, தனித்தனியாக, தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பிள்ளைகளைப் போல நின்றது. நான் ஹார்லனை விட்டு வந்தபோது, “நான் திரும்பிப் போகலையா? நீயும் போ” என்று சொன்னவள் அவள்தான். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

நான் அம்மாவின் அந்த எழுத்தில் எழுதினேன். கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பெர்னீஸ் புகைப்படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது செல்லாது. ரெண்டும் ஒரே பொம்பள எழுதுன மாதிரியே இல்ல.”

“திரும்பிப் போறவ எழுத்து மாறத்தான் செய்யும்” என்றேன். “நாவல்ல அப்படித்தான் இருக்கு.”

ஃபால்க் திரும்பினார். “நாவல்ல இருக்கா?”

“ஆமா சார். அவ எழுத்து மாறினத பாத்துத்தான் புருஷன் அழுவான். நீங்க படிச்சிருப்பீங்களே.”

தொண்டையைச் செருமிக்கொண்டார். “படிக்காம? நல்ல இடம் அது. அப்படியே வையுங்க.”

நாவலில் இரண்டாவது கடிதமே கிடையாது. பெர்னீஸுக்கு அது நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள்; புகைப்படத்தைக் கோப்புக்குள் வைத்துவிட்டாள். அவளுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இருந்தாலும் என் சொந்த எழுத்தில் முதல் கடிதம் படத்தில் இருக்கத்தானே செய்தது? படம் வெளிவந்ததிலிருந்து நான் ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை. இரண்டு முறை அறையை மாற்றினேன். ஸ்டுடியோ வாசலில் சாம்பல் தொப்பி தெரிந்தால் பின்பக்கத் தச்சுப்பட்டறை வழியாக வீட்டுக்கு ஓடினேன். போன் மணி அடித்தால் எடுக்காமல் விட்டேன்.

ஐந்தாவது வாரம், வேறொரு படத்துக்காகச் சரிகைக் கையோடு எழுத உட்கார்ந்திருந்தபோது, கஸ் ஓர் உறையை நீட்டினார். “உனக்குத்தான் இருக்கும்போல.” மேலே, ‘அகஸ்டாவின் கடிதங்களை எழுதும் பெண்ணுக்கு’ என்று இருந்தது. பிரித்தால் முதல் வார்த்தையே என் பழைய பெயர். பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

‘வெர்னா, சனிக்கிழமை படம் பார்த்தேன். ஹார்லன்தான் காரில் கூட்டிப்போனான். முதல் கடிதம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு மூச்சே நின்றது. இரண்டாவது கடிதம் வந்ததும், “சே, இது அவ எழுத்தில்ல” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அது யார் எழுத்து என்று எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அன்று நீ அதை வழியிலே கிழித்துப் போட்டிருக்கலாம் என்று இருபத்து மூன்று வருடமாக நினைக்கிறேன். உன்னைத் திரும்பிப் போ என்று சொன்ன வாய்க்கு மன்னிப்புக் கிடையாது. நீ இங்கே வரவே வராதே. உன் அப்பா இன்னும் அப்படியேதான் இருக்கிறார். நான் அங்கே வரட்டுமா?’

அம்மாவின் எழுத்து முழுக்க வலப்பக்கம் சாய்ந்து ஓடியிருந்தது.

பதில் எழுதத் தாளை எடுத்தேன். கடிதம் போய்ச் சேர நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளில் அவள் மனம் மாறிவிட்டால்? சரிகைச் சட்டைக்கையைக் கழற்றாமலே தந்தி அலுவலகத்துக்கு ஓடினேன். “என்ன வாசகம்மா?” என்று கேட்டவரிடம் சொன்னேன்:

“வா. அவ்வளவுதான். வா.”